பீப்பாயிலிருந்து பாட்டிலுக்கு: பிடிக்காத பீரை லூயி பாஸ்டர் ஏன் ஆராய்ந்தார்?

தினமும் காலையில் வாங்கும் பால் பாக்கெட்டில் 'பாஸ்சுரைஸ்டு' என்று ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லுக்குள் இருப்பவர் லூயி பாஸ்டர். நாய்க்கடித் தடுப்பூசி என்றாலும் அவர் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் பாலுக்கும் நாய்க்கடிக்கும் நடுவில் அவர் வாழ்க்கையில் இன்னொரு பொருள் பல வருஷம் இடம்பிடித்திருந்தது. அது பீர்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு பீர் அவ்வளவாகப் பிடிக்காது. ஒரு பீருக்கும் இன்னொரு பீருக்கும் ருசி வித்தியாசம்கூட சரியாகத் தெரியாது என்று உடனிருந்தவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் ஏன் மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பீர் ஆலைகளுக்குள் அலைந்தார்?

பாட்டிலில் அடைப்பதில் என்ன கஷ்டம்?

முதலில் ஒரு சின்ன விஷயம். வீட்டிலேயே பீர் தயாரிப்பது பிரிட்டனில் 1963 முதல் லைசென்ஸ் இல்லாமலே அனுமதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978-இல் இதற்கான சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் கதை வேறு. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் எந்த மதுவும் தயாரிக்க முடியாது.

அனுமதி உள்ள நாடுகளில் வீட்டில் பீர் தயாரிப்பவர்கள், பீப்பாயில் (இப்போது அது 'கெக்' எனப்படும் எஃகு உருளை) இருப்பதை பாட்டிலுக்கு மாற்றும்போதுதான் அதிகம் பயப்படுவார்கள். காரணம் மூன்று.

ஒன்று, வாயு. கெக்குக்குள் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் கரைந்திருக்கும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் எல்லாம் நுரையாகப் பொங்கிவிடும். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் மோசம். அதனால் பீரையும் பாட்டிலையும் நன்றாகக் குளிரவைத்து, பாட்டிலின் அடி வரை போகும் குழாய் வழியாக மெதுவாக நிரப்புவார்கள்.

இரண்டு, காற்று. பாட்டிலுக்குள் தங்கும் ஆக்சிஜன் சில வாரங்களில் ருசியைக் கெடுத்துவிடும். அதனால் முதலில் கார்பன் டை ஆக்சைடை விட்டுக் காற்றை வெளியே தள்ளுவார்கள். கடைசியில் நுரை வாய் வரை எழும்பியதும், அந்த நுரையின் மேலேயே மூடியை அழுத்துவார்கள். காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது.

மூன்றாவதுதான் பெரிய எதிரி. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். சரியாகக் கழுவாத ஒரு பாட்டில், துடைக்காத ஒரு குழாய் முனை போதும். நன்றாக இருந்த சரக்கு புளித்துப்போகும், இல்லையென்றால் வழவழவென்று ஆகிவிடும்.

இந்த மூன்றாவது எதிரியைக் கண்ணால் பார்த்து, ஆதாரத்தோடு உலகத்தை நம்பவைத்தவர்தான் பாஸ்டர்.

தோல் பதனிடுபவரின் மகன்

1822 டிசம்பர் 27 அன்று பிரான்ஸின் டோல் என்ற ஊரில் பிறந்தார் பாஸ்டர். அப்பா தோல் பதனிடும் தொழிலாளி. நெப்போலியனின் படையில் சிப்பாயாக இருந்தவர். நாட்டுப் பற்று அந்த வீட்டில் தண்ணீர் மாதிரி. குடும்பம் பிறகு ஆர்புவா என்ற திராட்சைத் தோட்ட ஊருக்குக் குடிபெயர்ந்தது. பையன் படிப்பில் ரொம்பப் பிரமாதம் எல்லாம் இல்லை. ஆனால் படம் நன்றாக வரைவான். எதையும் உற்றுப் பார்க்கும் கண் அப்போதே இருந்தது.

அந்தக் கண்தான் 25 வயதில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. திராட்சை ரசப் பீப்பாய்களில் படியும் உப்பிலிருந்து கிடைக்கும் படிகங்களை ஆராய்ந்தபோது, ஒரே பொருளில் இரண்டு வகைப் படிகங்கள் கலந்திருப்பதை 1848-இல் கண்டுபிடித்தார். வலது கையும் இடது கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். வேதியியலில் ஒரு புதிய துறையே இதிலிருந்து பிறந்தது.

அடுத்த வருஷம் மேரி லோராங் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். மாலை நேரங்களில் கணவர் சொல்லச் சொல்லக் குறிப்புகளை எழுதியவர், ஆய்வைப் பற்றி அவரோடு விவாதித்தவர் மேரி. பாஸ்டரின் பல வெற்றிகளுக்குப் பின்னால் அவருடைய கையெழுத்து இருக்கிறது.

புளித்துப்போன தொட்டி

1854-இல் லீல் நகரப் பல்கலைக்கழகத்துக்கு அறிவியல் துறைத் தலைவராகப் போனார். 1856-இல் அவருடைய மாணவர் ஒருவரின் அப்பா ஒரு பிரச்சினையோடு வந்தார். அவர் பீட்ரூட் சாற்றிலிருந்து ஆல்கஹால் தயாரிப்பவர். சில தொட்டிகளில் சரக்கு நன்றாக வருகிறது. சில தொட்டிகளில் புளித்து வீணாகிறது. ஏன்?

பாஸ்டர் ஆலைக்கே போனார். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் செல்கள் மொட்டுவிட்டுக்கொண்டிருந்தன. கெட்ட தொட்டியில் வேறு ஆட்கள்! ஈஸ்டைவிட ரொம்பச் சின்னதாக, குச்சி குச்சியாக, அசைந்துகொண்டிருந்தன.

ஈஸ்ட் ஓர் உயிர் என்று 1837-லேயே சிலர் சொல்லியிருந்தார்கள். ஆனால் லீபிக் போன்ற பெரிய வேதியியல் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. நொதித்தல் என்பது அழுகலால் நடக்கும் வெறும் வேதிவினை என்பது அவர்கள் கட்சி. இல்லை, ஒவ்வொரு வகை நொதித்தலுக்கும் அதற்கென்று ஓர் உயிரி இருக்கிறது என்று பாஸ்டர் வாதிட்டார். 1857-இல் பாலைப் புளிக்கவைக்கும் உயிரி பற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புரியக் கஷ்டமே இல்லை. இட்லி மாவு ராத்திரியில் பொங்குவது, காலையில் இறக்கிய கள் பொழுது சாய்வதற்குள் கடுத்துப்போவது, எல்லாம் இதே கதைதான். பனையேறிகள் பதநீர் வேண்டுமென்றால் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் கள்ளாகாது என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயம். அது ஏன் என்பதற்கான பதில், உள்ளே வேலை பார்க்கும் உயிரிகளுக்குச் சுண்ணாம்பு ஆகாது என்பதுதான்.

கழுத்து வளைந்த குடுவை

சரி, இந்த உயிரிகள் எங்கிருந்து வருகின்றன? கெட்டுப்போகும் பொருளிலிருந்து தானாகவே முளைக்கின்றன என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். பாஸ்டர் ஒரு கண்ணாடிக் குடுவையில் சத்துள்ள திரவத்தை ஊற்றி, அதன் கழுத்தைச் சூடாக்கி அன்னத்தின் கழுத்து போல நீட்டி வளைத்தார். பிறகு கொதிக்கவைத்தார். காற்று உள்ளே போகலாம், ஆனால் தூசி வளைவிலேயே தங்கிவிடும். திரவம் கெடவே இல்லை. கழுத்தை உடைத்தால்? சில நாட்களில் கலங்கிவிட்டது.

கிருமி தானாக முளைக்கவில்லை, வெளியிலிருந்து வருகிறது. இந்த ஒரு வரிக்குத்தான் 1862-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசு கிடைத்தது. பாட்டிலின் வாயில் நடக்கும் மொத்த நாடகமும் இந்தக் குடுவைக்குள் இருக்கிறது.

அடுத்து, பிரெஞ்சு ஒயின் ஏற்றுமதியில் கெட்டுப்போவதைத் தடுக்க மன்னர் மூன்றாம் நெப்போலியன் அவரிடம் உதவி கேட்டார். ஒயினைக் கொதிக்கவிடாமல் 50, 60 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் சூடாக்கினால் போதும், கெடுக்கும் கிருமிகள் செத்துவிடும், ருசி பெரிதாக மாறாது என்று காட்டினார். 1865-இல் காப்புரிமையும் பெற்றார். மூடிய பாட்டிலைச் சூடாக்கி உணவைக் காப்பாற்றும் வித்தையை நிக்கோலா அப்பேர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் அதற்கு 50 வருஷத்துக்கு முன்பே செய்துகாட்டியிருந்தார். அது ஏன் வேலை செய்கிறது, எவ்வளவு சூடு போதும் என்பதைச் சொன்னவர் பாஸ்டர்.

வீட்டுக்குள் விழுந்த அடிகள்

வெளியில் வெற்றி மேல் வெற்றி. வீட்டில் நிலைமை வேறு. ஐந்து குழந்தைகளில் மூன்று பெண் குழந்தைகள் இறந்துபோனார்கள். மூத்தவள் ஜான் 1859-இல் டைபாய்டில் போனாள். 1865-இல் இரண்டு வயது கமீய், 1866-இல் 12 வயது செசில். இதில் செசிலையும் டைபாய்டுதான் கொண்டுபோனது. ஒயினைக் காப்பாற்றத் தெரிந்தவருக்குத் தன் குழந்தைகளைக் காப்பாற்ற வழி தெரியவில்லை. அப்போது யாருக்குமே தெரியாது.

1868 அக்டோபரில் அவருக்கே பக்கவாதம் வந்தது. வயது 45. இடது பக்கம் முழுக்கச் செயலிழந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இடது கையும் காலும் கடைசி வரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு செய்த பெரிய சோதனைகளில் பலவற்றில் அவருடைய யோசனைக்குக் கை கொடுத்தவர்கள் உதவியாளர்கள்தான்.

கோபத்தில் பிறந்த பீர்

1870-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரான்ஸ் படுதோல்வி அடைந்தது. பாரிஸ் முற்றுகையிடப்பட்டது. பாஸ்டரின் ஒரே மகன் போர்முனையில் இருந்தான். தோற்றுப் பின்வாங்கிய படையில் மகன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாமல், 1871 ஜனவரிக் கடும்பனியில் மனைவியோடும் மகளோடும் தேடிப் போனார். வழியெல்லாம் குளிரில் விறைத்த சிப்பாய்கள். கடைசியில் மகனைக் கண்டுபிடித்துவிட்டார். மகன் பிழைத்தான்; அப்பாவின் கோபம் ஆறவில்லை.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் தனக்குக் கொடுத்திருந்த கௌரவ மருத்துவப் பட்டத்தைத் திருப்பி அனுப்பினார். அடுத்து அவர் தேர்ந்தெடுத்த ஆயுதம்தான் ஆச்சரியம். ஜெர்மனி எதில் பெயர்போனதோ அதில் அடிக்க வேண்டும். பீர்!

அன்றைக்கு ஜெர்மானிய முறை பீர் தரமாக இருக்கக் காரணம் குளிர். பனிக்கட்டி வைத்துக் குறைந்த வெப்பத்தில் நொதிக்கவைத்ததால், கெடுக்கும் கிருமிகள் பெருகவில்லை. குளிரை நம்பாமல், கிருமியையே உள்ளே விடாமல் பீர் தயாரித்தால்? க்ளெர்மோன் ஃபெரான் நகரில் தன் சீடர் எமில் டூக்ளோவின் ஆய்வகத்தில் வேலையைத் தொடங்கினார். பக்கத்து ஊரில் இருந்த ஒரு சின்ன பீர் ஆலை பயிற்சிக்கூடமானது. 1871 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, அந்த பீருக்கு அவர் வைத்த பெயரிலேயே தேசியப் பழிவாங்கல் என்ற பொருள் இருந்தது.

முறை எளிமையானது. மால்ட் சாற்றைக் கொதிக்கவைத்த பின் அன்றைய ஆலைகள் அதை அகலமான திறந்த தட்டுகளில் ஊற்றி ஆறவைத்தன. காற்றில் வரும் கிருமிகளுக்கு அதுதான் விருந்து. பாஸ்டர் மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, சுத்தமான காற்றை மட்டும் விட்டு, கலப்படம் இல்லாத ஈஸ்டைச் சேர்க்கச் சொன்னார்.

லண்டனில் ஒரு மைக்ரோஸ்கோப்

அதே 1871 செப்டம்பரில் லண்டன் போனார். விட்பிரெட் என்ற பெரிய ஆலையில் அனுமதி கேட்டு, ஈஸ்ட் கொஞ்சம் வாங்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். ஈஸ்டோடு கெடுக்கும் கிருமிகளும் கலந்திருந்தன. இந்தச் சரக்கில் குறை இருக்குமே என்று கேட்டார். ஆலை நிர்வாகிகள் முதலில் தயங்கினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். சில நாள் கழித்து அவர் மறுபடி போனபோது, அந்த ஆலை சொந்தமாக ஒரு மைக்ரோஸ்கோப் வாங்கியிருந்தது!

பீர் பற்றிய அவருடைய நூல் 1876-இல் வெளிவந்தது. ஒவ்வொரு கெட்ட ருசிக்கும் எந்தக் கிருமி காரணம் என்று படத்தோடு விளக்கினார்.

சூடாக்கினால் போதாதா?

ஒயினுக்கு வேலை செய்த சூடு பீருக்கும் வேலை செய்தது. நிரப்பி மூடிய பாட்டில்களை வெந்நீரில் வைத்துச் சூடாக்கும் முறையை அந்தக் காலத்திலேயே ஐரோப்பிய ஆலைகள் பிடித்துக்கொண்டன. பீப்பாயில் இருந்து அக்கம்பக்கத்தில் மட்டும் விற்ற பீர், பாட்டிலில் ஏறி கடல் தாண்டியது. இன்றைய ஆலைகளில் மூடி போட்ட பாட்டில்கள் நீண்ட சுரங்கம் போன்ற இயந்திரத்துக்குள் நகரும். சுமார் 60 டிகிரி வெந்நீர் மேலே தெளிக்கப்படும். கடைகளில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் பாட்டில் பீருக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைப் போத்தலில் அடைத்து விற்பதும் இதே அறிவியலை வைத்துத்தான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் இங்கே அந்தப் பேச்சே எழவில்லை.

ஆனால் பீரைப் பொறுத்தவரை பாஸ்டர் சூட்டை மட்டும் நம்பவில்லை. கெட்டது உள்ளே வராமல் தடுப்பதே முதல் வேலை என்று நினைத்தார். அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. பாக்டீரியாவைத் தடுத்தார், ஆனால் ஈஸ்டிலேயே கெட்ட இனங்கள் உண்டு என்பதை அவர் முழுதாகக் கவனிக்கவில்லை. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் 1883-இல் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து சுத்தமான வளர்ப்பை உருவாக்கி அந்த ஓட்டையை அடைத்தார். ஆலை அதிபர் யாகோப்சன் அந்த ஈஸ்டைப் போட்டியாளர்களுக்கும் கொடுத்தார். ஜெர்மன் ஆலைகளும் பயனடைந்தன. பழிவாங்கக் கிளம்பிய அறிவு, கடைசியில் எல்லோருக்கும் பொதுச் சொத்தானது.

ஒன்பது வயதுப் பையன்

பீர் நூல் முடிந்த கையோடு பாஸ்டர் நோய்களின் பக்கம் திரும்பினார். பீரைக் கெடுப்பது வெளியிலிருந்து வரும் கிருமி என்றால், உடம்பைக் கெடுப்பதும் அப்படித்தானே இருக்க வேண்டும்? கோழிக் காலரா, ஆந்த்ராக்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போனார். 1881-இல் ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியை ஊர் பார்க்கப் போட்டுக் காட்டினார்.

1885 ஜூலை 6. வெறிநாய் கடித்துக் குதறிய ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனை அவன் அம்மா பாரிஸுக்குக் கூட்டி வந்தார். பாஸ்டர் மருத்துவர் இல்லை. ஊசி போட அவருக்கு உரிமை இல்லை. மருத்துவர் க்ரான்ஷே போட்டார். நோய் தாக்கிய முயல்களின் தண்டுவடத்தை உலர்த்தி வீரியம் குறைத்த மருந்து அது. 13 ஊசிகள். பையன் பிழைத்தான்.

அந்தப் பையன் அல்சேஸ் பகுதியைச் சேர்ந்தவன். 1871 தோல்வியில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் இழந்த மண் அது. பீரால் மீட்க நினைத்த கௌரவம், ஒரு குழந்தையின் உயிராக அவர் வாசலுக்கு வந்து நின்றது.

நோட்டுப் புத்தகங்கள் சொன்ன மறுபக்கம்

பாஸ்டரை மகான் ஆக்க வேண்டியதில்லை. தன் ஆய்வுக் குறிப்பேடுகளை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று குடும்பத்திடம் சொல்லியிருந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அவை பாரிஸ் தேசிய நூலகத்துக்கு வந்தன. அவற்றைப் படித்த வரலாற்றாசிரியர் ஜெரால்டு கீசன் 1995-இல் எழுதிய நூலில் சங்கடமான விஷயங்கள் வெளிவந்தன. ஆந்த்ராக்ஸ் சோதனையில் பாஸ்டர் பயன்படுத்தியது, அவர் வெளியே சொன்ன முறையில் செய்த தடுப்பூசி இல்லை. போட்டியாளர் ஒருவரின் முறைக்கு நெருக்கமான, ரசாயனம் கலந்த தடுப்பூசி. மைஸ்டருக்குப் போட்ட முறையும், வெளியே தோன்றிய அளவுக்கு நாய்களிடம் சோதிக்கப்பட்டிருக்கவில்லை.

கண்டுபிடிப்பு பெரியது, அதைக் கண்டுபிடித்த மனிதரிடம் அவசரமும் கர்வமும் இருந்தன. இரண்டும் உண்மை.

கசௌலி, குன்னூர், நம்ம ஊர்

1888-இல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. 1895 செப்டம்பர் 28 அன்று அவர் காலமானார். அந்தத் தேதிதான் இன்று உலக வெறிநாய்க்கடி தினம்.

இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900-இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் தொடங்கப்பட்டது. எட்வர்ட் டயர் என்ற ஆங்கிலேயர் இந்தியாவின் மிகப் பழைய பீர் ஆலைகளில் ஒன்றை நிறுவியதும் அதே கசௌலியில்தான். பாஸ்டரின் வாழ்க்கையின் இரண்டு பாதிகளும் ஒரே மலையூரில் சந்தித்துக்கொண்டன.

தென்னிந்தியாவில் நாய் கடித்தவர்களுக்கு அவ்வளவு தூரம் போய்ச் சேருவதே பெரும்பாடு. 1902-இல் ஓர் ஆங்கிலேய இளம்பெண் வெறிநாய்க்கடியில் இறந்தது பெரிய அதிர்ச்சியைக் கிளப்பியது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையில் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டு, 1907 ஏப்ரல் 6 அன்று நீலகிரி மாவட்டம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடி மாதிரி ஓர் ஊரில் நாய் கடித்தாலும் குன்னூருக்கு ஓட வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் கடித்த அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நான்கு தவணை. காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். ஒரு தவணையையும் தவறவிடக் கூடாது. அறிகுறி வந்துவிட்டால் வெறிநாய்க்கடிக்கு அநேகமாகப் பிழைப்பே இல்லை.

ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்று இருக்கிறது. மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். பாட்டிலை நிரப்புவதற்கு முன் வீட்டு பீர்க்காரர் அதைக் கழுவுவதும் இதே காரணத்துக்காகத்தான்: கெடுப்பது வெளியிலிருந்து வருகிறது, அதை வாசலிலேயே நிறுத்தினால் பாதி ஜெயித்த மாதிரி.